மூன்று எண்ணுவதற்குள்

கப்பலூரில் நாங்கள் பஸ்ஸுக்குக் கூண்டு, அதாவது பாடி, கட்டிய கொட்டகைக்குத் தகரக் கூரை. மதியம் மெட்ராஸ் விமானம் தலைக்கு மேலே தணிந்து போகும்போது தகரம் முழுக்க அதிரும். எங்களில் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. தகரம் அதிர்ந்தால் கையைக் கழுவிவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறப்போம். விமானம் பிந்தினால் சோறும் பிந்தும். "இன்னைக்கு பைலட்டு எங்கயோ நொங்கு திங்க நின்டுட்டான்டா" என்று யாராவது வயிற்றெரிச்சலில் சொல்வார்கள்.

இறக்கைக்கு ஒரு விசிறியாக இரண்டு விசிறி வைத்த விமானம் அது. விசிறிக்குப் பின்னால் இருப்பது ஜெட் எஞ்சின் வகைதான், விசிறியைச் சுற்றுவதுதான் அதற்கு வேலை என்று என் மாப்பிள்ளை பின்னால் சொல்லித் தந்தார். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் புருஷன். பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாவதோடு நின்றவன். எனக்கு விமானம் என்பது சோற்று மணி, அவ்வளவுதான். அது எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை.

எண்பதுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்குத் திருமங்கலம் பக்கம் கரிசல் காடு. படித்தவர். அப்பாவிடம் அடம்பிடித்துக் காட்டில் பாதியை விற்று வடக்கே போய் விமானம் ஓட்டப் படித்தார். ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானம் ஓட்ட லைசென்சும் வாங்கினார். அதற்குப் பிறகு நாலு வருஷம் வேலை இல்லை. தங்கைக்கு முதல் தடவை உண்டானது மூன்றாம் மாதம் கலைந்துபோனது. இரண்டாம் தடவை உண்டானதும் விளாங்குடிக்கு, எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. எனக்கு அப்போது கல்யாணமும் ஆகவில்லை. மாப்பிள்ளையும் கூடவே வந்தார். தெருவில் அவருக்கு வைத்த பேர் வீட்டோட மாப்பிள்ளை. டீக்கடையில் அவர் காதில் விழுகிற மாதிரியே சொல்வார்கள். அவர் டீயைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டு வருவார்.

அப்போதுதான் கடிதம் வந்தது. சின்ன ஊர்களுக்கெல்லாம் பதினெட்டு பேர் உட்காருகிற இரட்டை விசிறி விமானம் விடப்போகிற ஒரு கம்பெனி. ஐந்து மாதம் கழித்து ஒரு சோதனை. நிஜ விமானத்தில் இல்லை. விமானத்தின் முன்பக்கம் மாதிரியே செய்த ஒரு மெஷினுக்குள் உட்காரவைத்துப் பார்ப்பார்களாம். தேறினால் வேலை. தேறாவிட்டால் ஒரே ஒரு மறுதடவை. அதோடு சரி. அந்த வேலைக்கு வயசு வரம்பு உண்டு, மாப்பிள்ளை அதன் விளிம்பில் நின்றார்.

"ரெட்டை எஞ்சினை நான் தொட்டதே இல்ல மச்சான். கெளம்புற நேரத்துல ஒரு எஞ்சினை நிப்பாட்டி விட்டுருவாக. அதுல தப்பிக்கிறதுதான் சோதனையே."

"தப்பிக்கலைன்னா?"

"கவுந்துரும்."

அடுப்படியில் இருந்த தங்கை கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஏங்க, வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுல என்ன பேச்சு இது?"

எங்கள் தெருவில் மிஷன் பள்ளிக்கூடத்து சயின்ஸ் வாத்தியார் ஒருவர் இருந்தார். அவருடைய சிங்கப்பூர் அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கம்ப்யூட்டர் என்றால் சின்ன ஆர்மோனியப் பெட்டி அளவு. அதை டிவியில் மாட்டி, டேப் ரெக்கார்டரில் ஒரு கேசட்டை ஓடவிட்டு, அது கீச்சென்று கத்தி முடிக்கும்வரை கால்மணி நேரம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தால், டிவியில் கோடுகோடாக ஒரு ரன்வே வரும். பொத்தானை அமுக்கினால் ரன்வே கீழே போகும். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் எல்லாம் போய்விடும், மறுபடி கால்மணி நேரம். மாப்பிள்ளை பத்து நாள் அங்கே போனார். பதினோராம் நாள் முகம் செத்துத் திரும்பி வந்தார்.

"அதுல ஒத்த எஞ்சின்தான் மச்சான். நின்டா நின்டதுதான். ரெண்டுல ஒண்ணு நிக்கிறதுக்கு அதுல வழியே இல்ல."

அவர் அப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டேன். "எப்படி இருக்கணும்னு சொல்லுங்க, கட்டிருவோம்" என்றேன். கூண்டு கட்டுகிறவன் வேறு என்ன சொல்வான்?

கொட்டகை முதலாளியைக் கேட்டுக் கழிவு பிளைவுட்டும் அலுமினியத் தகடும் கொண்டுவந்தேன். ஓட லாயக்கில்லை என்று கண்டம் பண்ணின ஒரு பஸ்ஸின் டிரைவர் சீட்டு கிடைத்தது. பழைய கார் ஸ்டீயரிங்கை மேல்பாதி அறுத்து எடுத்துவிட்டுப் பொருத்தினேன். கீழே இரண்டு கால்மிதி, நடுவில் இரண்டு எஞ்சினுக்கும் இரண்டு கைப்பிடி. எதிரே பலகையில் ஆறு வட்டம். வேகம், உயரம், திசை, இரண்டு எஞ்சினின் பலத்துக்கும் இரண்டு, கடைசியில் எஞ்சின் சூட்டுக்கு ஒன்று. முள் எல்லாம் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. விமானம் ஒரு பக்கம் சரிகிறதா என்று காட்ட ஒரு குண்டு வைத்த குழாய் இருக்குமாம். அதற்குக் கொத்தனாரின் ரசமட்டத்தைக் கட்டித் தொங்கவிட்டேன். எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டேபிள் ஃபேன், அதன் கம்பியில் அட்டை செருகினால் தடதடவென்று கத்தும்.

ஆனால் முள்ளை யார் ஆட்டுவது? பலகைக்குப் பின்னால் முக்காலி போட்டு நான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு கயிறு என் கைக்கு வரும். கை இரண்டு, கயிறு ஆறு. பாதியைக் கால்விரலில் மாட்டிக்கொள்வேன். மாப்பிள்ளை எந்தக் கால்மிதியை எவ்வளவு அமுக்குகிறார் என்று எனக்குத் தெரிய, மிதியிலிருந்து வந்த கயிற்றில் சிவப்புத் துணியும் பச்சைத் துணியும் கட்டியிருந்தேன். துணி நகர்வதைப் பார்த்து நான் முள்ளை நகர்த்த வேண்டும். அவருக்கு நான் தெரியமாட்டேன். எனக்கு அவர் கால் மட்டும் தெரியும், அதுவும் துணியாக.

தெருவில் கேட்கவா வேண்டும். "என்னண்ணே, ரேஷன் கடைக்குப் போகணும், உங்க பிளேன் அந்தப் பக்கம் போகுதா?" என்பார்கள். ஒரு நாள் கரண்ட் போய் இரண்டு ஃபேனும் ஒன்றாக நின்றபோது, ஜன்னலில் நின்ற கூட்டம் முழுக்க ஓவென்று கத்தியது. மாப்பிள்ளை கூடச் சிரித்துவிட்டார். அந்த ஐந்து மாதத்தில் அவர் சிரித்து நான் கேட்டது அதுதான்.

விஷயம் இவ்வளவுதான். இடது எஞ்சின் நின்றால் மூக்கு இடதுபக்கம் இழுக்கும். உடனே வலது காலை அமுக்கி மூக்கை நேராக்க வேண்டும். அப்போது சும்மா இருப்பது இடது கால். சும்மா இருக்கிற கால் எந்தப் பக்கமோ, அந்தப் பக்க எஞ்சின்தான் நின்றது என்று உறுதி செய்துகொண்டு அதன் கைப்பிடியை இழுக்க வேண்டும். பதற்றத்தில் நல்ல எஞ்சினை இழுத்தால் கதை முடிந்தது. காலும் சீக்கிரம் வரவேண்டும். வேக வட்டத்தில் ஒரு நீலக்கோடு போட்டிருந்தோம். முள் அதற்குக் கீழே போனால் விமானம் கவிழும்.

மாப்பிள்ளை எனக்குச் சொல்லித் தந்தது ஒரே கணக்கு. "ஃபேனை நிப்பாட்டிட்டு மூணு எண்ணுங்க மச்சான். மூணுக்குள்ள என் கால் வரலைன்னா முள்ளை விட்டுருங்க. உயரம் பூச்சியத்துக்கு வந்ததும் பலகையில ஒரு தட்டுத் தட்டுங்க. பாவம் பாக்காதீக."

முதல் நாள் அப்படித்தான் செய்தேன். ஃபேனை நிறுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. துணி நகரவில்லை. விட்டேன். உயர முள் சரிந்து பூச்சியத்துக்கு வந்தது. பலகையில் விரல்கணுவால் தட்டினேன். அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தால் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றில் கை வைத்து நிற்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, இந்த வீட்டுல இன்னொரு தடவை எதுவும் விழக் கூடாதுண்ணே. வெளையாட்டுக்குக் கூட வேண்டாம். நீ எனக்குச் சத்தியம் பண்ணு."

"சும்மா கம்பிதான் அது. சைக்கிள் கம்பி."

"சத்தியம் பண்ணு."

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். மாப்பிள்ளைக்கு இது தெரியாது, அவர் சீட்டை விட்டு எழுந்து வரவில்லை. நானும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்தது.

அதற்குப் பிறகு என் மூன்று நீண்டுபோனது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். துணி நகராது. மூன்றைச் சொல்லாமல் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு துணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். துணி நகர்ந்த பிறகு மூன்று என்பேன். அவர் கால் மெதுவாக வந்த நாளில் முள்ளை நீலக்கோட்டுக்கு ஒரு நூல் மேலே பிடித்து வைத்துக்கொள்வேன். கை கடுக்கும். ஆனால் விமானம் விழாது. மாப்பிள்ளைக்கு நம்பிக்கை வந்தது. டீக்கடையில் டீயை முழுசாகக் குடித்தார். நாலு மாதம் எங்கள் வீட்டில் ஒரு தடவை கூட விமானம் விழவில்லை. தங்கைக்கு ஐந்து மாதம் முடிந்து வயிறும் நன்றாகத் தெரிந்தது. இரண்டுக்கும் நான்தான் காரணம் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

சோதனைக்கு வடக்கே போய்விட்டு ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்ததிலேயே தெரிந்துவிட்டது.

"முணுக்குங்கிறதுக்குள்ள கவுந்துருச்சு மச்சான். நம்ம பிளேன் அம்புட்டு சீக்கிரமா விழாதே? அந்த மெஷின் ஏதோ கோளாறான மெஷின்."

நான் வாயைத் திறக்கவில்லை. மறுதடவைக்கு நாற்பது நாள் இருந்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் நாற்பது நாளும் அவருக்குக் கிடைத்திருக்கும். பாதி நாட்களை நான் பேசாமல் இருந்தே தின்றுவிட்டேன். மறுபடி பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தேன், மறுபடி மூன்றை நீட்டினேன். சத்தியத்தை மீற முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. பலகை மறைவில் சட்டை முழுக்க வேர்த்துப்போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பி வந்த வாத்தியார் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். கையில் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருக்கிற ஸ்டாப் வாட்ச். அதுவரை அவர் பலகையின் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை. "தள்ளுங்கண்ணே, உங்க எஞ்சின் ரூமைப் பாக்குறேன்" என்று என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை கிளம்பினார். நான் இடது ஃபேனை நிறுத்தினேன். எனக்குள் எண்ணினேன். வாத்தியார் பொத்தானை அமுக்கினார்.

"அண்ணே, மூணா எண்ணுனீங்க?"

"ஆமா சார்."

"உங்க மூணு எட்டு செகண்டு இருக்கு."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பலகைக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. ஓடிக்கொண்டிருந்த வலது ஃபேனை மாப்பிள்ளையே எழுந்து வந்து நிறுத்தினார். அந்த முக்காலியில், கையிலும் கால்விரலிலும் கயிற்றோடு நான் இருந்த கோலத்தில் என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாளா மச்சான்?"

"மொத நாளைத் தவிர."

"எல்லா நாளுமா?"

அடுப்படி வாசலில் இருந்து தங்கைதான் பேசினாள். "அண்ணனைக் கேக்காதீக. நான்தான் சத்தியம் வாங்குனேன்." பிறகு, "இனிமே விழட்டும்ணே. நான் பக்கத்து வீட்டுல போய் உக்காந்துக்கிறேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். ஏழாம் மாதம். வாசற்படியில் ஒரு கையை வைத்து மெதுவாக இறங்கினாள்.

இருபது நாள்தான் இருந்தது. சாயங்காலம் நான் கப்பலூரிலிருந்து வந்ததும் ஆரம்பிப்போம். வாத்தியார் என் முன்னால் வாட்சை வைத்துவிட்டுப் போயிருந்தார். மூன்று என்றால் மூன்று. முள்ளை விட்டேன், பலகையில் தட்டினேன். விட்டேன், தட்டினேன். ஒரு சாயங்காலத்தில் பத்து தட்டு, பன்னிரண்டு தட்டு. பக்கத்து வீட்டுச் சுவர் தாண்டி அந்தச் சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தட்டுக்கும் தங்கை அங்கே வயிற்றில் கை வைப்பாள் என்று பக்கத்து வீட்டம்மா பின்னால் சொன்னார். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல் அப்போது அவள் கையில்.

பன்னிரண்டாம் நாள் மாப்பிள்ளையின் கால் இரண்டுக்குள் வந்தது. மறுநாளும் வந்தது. விமானம் தானாக விழாமல் நின்றது. நான் எதையும் பிடிக்கவில்லை, கணக்குப்படி முள் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

"பாத்தீங்களா மாப்ள!"

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "புடிச்சீங்களா?"

"இல்ல மாப்ள."

"நெசமாவா?"

"மதுரை மீனாச்சி மேல சத்தியமா."

"உங்க தங்கச்சிக்குப் பண்ணுன சத்தியம் மாதிரியா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம்தான். பிறகு ஒவ்வொரு தடவையும் கேட்டார். நன்றாக ஓட்டின தடவையெல்லாம் கேட்டார். விழுந்த தடவைதான் கேட்கவில்லை. விழுந்தால் மட்டும் நம்பினார். வாத்தியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து வாட்சைப் பிடித்து, "சுத்தமா இருக்கு தம்பி, அண்ணன் கையே ஆடல" என்றார். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். ஆனால் சீட்டில் உட்கார்ந்தபடியே பலகையின் ஓரத்தில் எட்டி எட்டிப் பார்ப்பது நிற்கவில்லை. பலகையைக் கண்ணாடியில் கட்டியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

கிளம்புகிற அன்று திருப்பரங்குன்றம் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். தங்கை அவர் கையில் கறுப்புக் கயிறு கட்டினாள். ரயிலடியில் அவர் என்னிடம் "வாரேன் மச்சான்" என்றதோடு சரி.

அவர் திரும்பி வந்தபோது நான் கொட்டகையில் இருந்தேன். வீட்டுக்குப் போகாமல் பெட்டியோடு நேரே கப்பலூருக்கே வந்துவிட்டார். பாதி கட்டின பஸ் ஒன்று நின்றது, சீட்டு இல்லை, வெறும் தரை. அதில் ஏறி இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவராகச் சொன்னார்.

"வலது எஞ்சினை நிப்பாட்டுனாக. இடது கால் டக்குனு போயிருச்சு மச்சான். ஒண்ணரை எண்ணக் கூட நேரமில்ல. மூக்கு நேரா நின்டுச்சு. வேகம் நீலக்கோட்டுக்கு மேல ஆடாம நிக்கிது."

"அப்பறம்?"

"ஆடாம நிக்கவும் எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. யாரோ பின்னால புடிச்சுக்கிட்டு இருக்காகன்னு. நெசமா நிக்கிதான்னு பாக்க..." அவர் உள்ளங்கையைத் தரையில் வைத்துக் கொஞ்சமாகத் தூக்கிக் காட்டினார். "காலை லேசா எடுத்துப் பாத்தேன்."

நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதுச் சாக்ஸ் போட்டிருந்தார்.

"கூட இருந்து சோதனை பண்ணுனவர் கேட்டாரு, எல்லாம் சரியாச் செஞ்சுட்டு ஏன்யா காலை எடுத்துக் கவுத்தேன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

மதிய விமானம் வந்தது. தகரம் அதிர்ந்தது. ஆட்கள் கை கழுவப் போனார்கள். என் தூக்குச்சட்டியில் இருந்த புளிச்சோற்றை அவருக்குப் பாதி கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் பெண்பிள்ளை பிறந்தது. நல்ல கனம். நான் நாலு மாதம் முள்ளைப் பிடித்ததால்தான் அது தங்கியதா, பிடிக்காவிட்டாலும் தங்கியிருக்குமா என்று இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு முடிவு வரவில்லை. தங்கை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மாப்பிள்ளையும் என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திண்டுக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் அவருக்கு வேலை கிடைத்தது. மறுநாள் குடும்பத்தோடு கிளம்பவேண்டும். மூட்டை முடிச்செல்லாம் வாசலில் கிடந்தது. சாயங்காலம் அவர் கூடத்துக்குப் போய் அந்த பஸ் சீட்டில் உட்கார்ந்தார். அதுவரை அதைப் பிரிக்க யாருக்கும் மனசு வரவில்லை, தங்கை ஸ்டீயரிங்கில் பிள்ளைத்துணி காயப்போட்டிருந்தாள். துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "மச்சான், வாரீகளா?" என்றார்.

போய் முக்காலியில் உட்கார்ந்தேன். கயிறுகளை மாட்டினேன். இரண்டு ஃபேனையும் போட்டேன். அவர் கைப்பிடிகளைத் தள்ளினார், நான் வேகத்தை ஏற்றினேன், உயரத்தை ஏற்றினேன். இடது ஃபேனை நிறுத்தினேன்.

ஒன்று.

பச்சைத் துணி அசையவில்லை. அதுதான் வலது கால்.

இரண்டு.

அந்தப் பக்கம் அவர் மூச்சு கேட்கிறது. கால் வரவில்லை. வரப்போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. என் கை தானாக முள்ளின் கயிற்றை இறுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலைத் தளர்த்தினேன்.

மூன்று.

விட்டேன். உயர முள் சரிந்து கீழே வந்தது. பலகையில் தட்டினேன். உள்ளே தொட்டிலில் பிள்ளை திடுக்கிட்டு அழ ஆரம்பித்தது. தங்கை ஓடுகிற சத்தம்.

"இப்ப சரியா எண்ணுனீங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து பிள்ளையிடம் போனார்.